முறை கெடாமல் ஒரு கல்யாணம்

போன மாதம் எங்கள் பழைய இல்லத்திலிருந்து இரண்டு இளம் ஆசிரியைகள் என்னைப் பார்க்க வந்தார்கள். மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறதாம். இல்லத்துப் பிள்ளைகள் பணியாளர்களை அம்மா, அக்கா, மாமா என்று உறவு சொல்லி அழைக்கக் கூடாது. அது பிள்ளைகள் மனத்தில் தவறான எதிர்பார்ப்புகளை உண்டாக்கும். இனிமேல் மிஸ், சார் என்றே அழைக்க வேண்டும். "நீங்க வேலை பார்த்த காலத்துல எப்படி மேடம்?" என்று கேட்டார்கள். அந்தச் சுற்றறிக்கையை எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் எங்கேயோ நன்றாக அடிபட்டவர் மாதிரி தெரிகிறது.

நான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் தொடக்கத்தில் அந்த இல்லத்துக்கு ஆசிரியையாகப் போனேன். அதற்கு முன் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் களிமண்ணில் வாழைப்பழம் செய்யவும், கரும்பலகையில் கோணாமல் எழுதவும், பிள்ளைகளின் மனவளர்ச்சி பற்றிப் பக்கம் பக்கமாக ஒப்பிக்கவும் கற்றுக்கொடுத்திருந்தார்கள். பேன் பார்க்க யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. என் வேலையில் பாதி அதுதான் என்பது போன பிறகுதான் தெரிந்தது. பயிற்சியைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

இல்லம் திண்டிவனத்திலிருந்து ஓமந்தூர் போகிற வழியில், ஒரு முந்திரித் தோப்பை ஒட்டி இருந்தது. ஓடு போட்ட மூன்று கட்டடம், ஒரு கிணறு, ஒரு பசு. வாந்திபேதியிலும் அம்மையிலும் பெற்றவர்களைப் பறிகொடுத்த பிள்ளைகளைச் சுற்றுவட்டாரத்துக் கிராமங்களிலிருந்து மாட்டுவண்டியில் கொண்டுவந்து விடுவார்கள். நடத்தியவர் சபாபதி அய்யா. கதர் வேட்டி, கட்டைக் குரல், கல்யாணம் ஆகாதவர். அவருக்குப் பிடிக்காத ஒரே சொல் 'அநாதை'. பெயர்ப்பலகையில் அந்தச் சொல் இருந்தால்தான் நன்கொடை வரும் என்பது கமிட்டித் தலைவரின் கட்சி. தலைவர் திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருந்தவர், வியாபாரம் தெரிந்தவர். அவர் ஆள் வைத்து எழுதிவிட்டுப் போவார். அய்யா சுண்ணாம்பு எடுத்து அந்த ஒரு சொல்லை மட்டும் பூசிவிடுவார். அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்குள் மறுபடி எழுதப்பட்டிருக்கும். நான் இருந்தவரை இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை.

புதுப் பிள்ளை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதில் அய்யாவுக்குத் திட்டமான வழிமுறை உண்டு. முதலில் கிணற்றடி. முடியை ஒட்ட வெட்டி, வேப்பெண்ணெய் தடவி ஊறவிட்டு, சீயக்காய் போட்டுத் தேய்க்க வேண்டும். பிள்ளை உடுத்தி வந்த துணி எவ்வளவு கந்தலாக இருந்தாலும் எறியக் கூடாது. துவைத்து மடித்து அதனுடைய தகரப் பெட்டியில் அடியில் வைக்க வேண்டும். "அது அவங்க அம்மா கட்டிவிட்ட துணி" என்பார். பிறகு சூடாகக் கேப்பைக் கூழ், வெல்லக் கட்டியோடு. வயிறு நிறைந்த பிறகுதான் முறை. வெறும் வயிற்றில் உறவு தங்காது என்பது அவர் சித்தாந்தம்.

முறை என்றால், உறவுமுறை. நாங்கள் எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்தில் வரிசையாக நிற்போம். அய்யா புதுப் பிள்ளையின் கையைப் பிடித்து ஒவ்வொருவர் முன்னும் நிறுத்துவார். அது அந்த ஆளைத் தொட்டு 'அண்ணா' என்றோ 'அக்கா' என்றோ சொல்ல வேண்டும். தொடப்பட்டவர் பதில் முறை சொல்ல வேண்டும். அய்யா எல்லோருக்கும் அப்பா. சமையல்கார பச்சையம்மாளை அவர் 'தங்கச்சி' என்று கூப்பிட்டதால் அவள் அத்தை. அன்றிலிருந்து யாரும் யாரையும் வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் மறுநாள் கூழுக்கு வெல்லம் கிடையாது.

நான் சின்னம்மா. சின்னம்மா என்றால் அப்பாவுக்குத் தம்பி இருந்து நான் அவன் மனைவியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அப்பாவுக்கு மனைவி இருந்து நான் அவள் தங்கையாக இருக்க வேண்டும். இரண்டும் இல்லாதபோது நான் எப்படிச் சின்னம்மா என்று சேர்ந்த புதிதில் கேட்டேன். "அம்மா இடம் காலியாவே இருக்கட்டும்மா. ஒவ்வொரு புள்ளைக்கும் ஒரு அம்மா இருந்தாளே. அந்த இடத்துல நாம போய் உட்காரக் கூடாது" என்றார். அதற்குமேல் எனக்கு வாதம் செய்யத் தோன்றவில்லை. வெளியூரிலிருந்து வந்த பெண்கள் என்னை ஏற இறங்கப் பார்த்ததுதான் இதில் நான் கண்ட பலன்.

இல்லத்துக்கு முதன்முதலில் வந்த பிள்ளை ஏழுமலை. ரயிலடியில் யாரோ விட்டுவிட்டுப் போன குழந்தை. ஆகவே அவன்தான் பெரியவன். மற்ற எல்லோருக்கும் பெரியண்ணன். அஞ்சலை நான் சேர்ந்த பிறகு வந்தவள். கண்டாச்சிபுரத்துப் பக்கம் ஒரு கிராமம். ஒரே வாரத்தில் அப்பா, அம்மா, கைக்குழந்தை மூவரும் போய்விட்டார்கள். ஆறு வயது இருக்கும். சாப்பாட்டுக் கூடத்தில் அவளை நிறுத்தியபோது அழவில்லை, திமிறவில்லை. ஒவ்வொருவராகத் தொட்டு, அண்ணா, அக்கா, அத்தை, சின்னம்மா என்று கடைசிவரை போனாள். வரிசை முடிந்ததும் திரும்பி அய்யாவைப் பார்த்து, "அவ்ளோதானா?" என்று கேட்டாள். அய்யா அவளை வெளியே கூட்டிப்போய்ப் பசுவையும் தொடச் சொன்னார். அதுவும் அக்காதான்.

அஞ்சலை நன்றாகப் படித்தாள். பயிற்சி முடித்து வந்து எங்கள் சின்ன வகுப்புக்கே ஆசிரியை ஆனாள். ஏழுமலை விழுப்புரத்தில் ரயில் எஞ்சின் பழுது பார்க்கிற கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ரயிலேறி வருவான். ஒரு பை நிறைய வறுத்த மல்லாட்டை கொண்டுவருவான், தங்கைகளுக்கு.

இந்த இடத்தில் பெண் கேட்டு வருகிறவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அநாதைப் பெண் என்றால் சீர் கேட்க ஆளில்லை, அடித்தால் கேட்க ஆளில்லை என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். அய்யா அவர்களைப் பிள்ளைகளின் பந்தியில் உட்கார வைத்துச் சாப்பிடச் சொல்வார். "என்ன ஆளுங்க?" என்று கேட்டால், "எங்க ஆளுங்க" என்பார். பாதிப் பேர் கூழைக் குடிக்காமலே எழுந்து போய்விடுவார்கள். மிஞ்சியவர்கள் வீட்டுக்கு அவரே போவார். பெண்ணைப் பெற்றவனுக்கு உரிய மரியாதையில் ஒரு வெற்றிலை குறைந்தாலும் திரும்பி வந்துவிடுவார்.

அஞ்சலைக்கு அப்படிப் பார்த்துப் பார்த்து ஒரு வரன் திகைந்தது. கண்டாச்சிபுரம் சந்தையில் எடை போடுகிறவர். மனைவியை இழந்தவர், இரண்டு குழந்தைகள். பந்தியில் உட்கார்ந்து கூழை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தார். நல்ல மனிதர்தான், அதுதான் வம்பாகப் போயிற்று. குறை சொல்லித் தட்டிக்கழிக்க வழியில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை தாம்பூலம் மாற்றுவதாகப் பேச்சு.

அதற்கு முந்தைய ஞாயிறு நான் ஒன்றைக் கவனித்தேன். ஏழுமலை கொண்டுவந்த மல்லாட்டை மற்ற தங்கைகளுக்கெல்லாம் ஓட்டோடு. அஞ்சலைக்கு மட்டும் உரித்துத் தனிப் பொட்டலம். விழுப்புரத்திலிருந்து வருகிற வழியெல்லாம் ஒருவன் உட்கார்ந்து உரித்திருக்கிறான். அன்று மாலையே அஞ்சலையைக் கிணற்றடிக்கு அழைத்துப்போய்க் கேட்டேன்.

"ஆமா சின்னம்மா" என்றாள், நேராக.

"அவன் உனக்கு அண்ணன்டி."

"சொல்லச் சொன்னீங்க, சொன்னேன். அப்போ எனக்கு ஆறு வயசு. பசுமாட்டைக்கூடத்தான் அக்கான்னேன்." பிறகு சொன்னாள்: "அப்பா வேணாம்னா வேணாம். ஓடிப்போக மாட்டேன். ஆனா கண்டாச்சிபுரத்துக்காரருக்குச் சம்மதம்னு என் வாயால வராது. இங்கியே புள்ளைங்களுக்கு அ, ஆ சொல்லிக் குடுத்துக்கினு இருந்துடறேன்."

நானும் அப்படி அ, ஆ சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்துவிட்டவள்தான். அது எப்படிப்பட்ட வாழ்க்கை என்று எனக்குத் தெரியும். கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேறு ஒன்று வேண்டும் என்று இருக்கிறவளுக்கு அது பொருந்தாது. அய்யாவிடம் போனேன்.

அவர் கோபத்தில் கத்துவார் என்று நினைத்துப் போனேன். கத்தவில்லை. முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "அண்ணன் தங்கச்சிம்மா அவங்க" என்றார்.

"அது நாம வெச்ச முறைதானே அய்யா. ரத்தத்துல வந்ததா?"

"ரத்தத்துல வந்தாத்தான் முறைன்னா, நான் இங்க யாரு?" என்றார். "அவங்க அண்ணன் தங்கச்சி இல்லைன்னா நான் அவங்களுக்கு அப்பன் இல்லை. சம்பளத்துக்கு மேய்க்கிறவன். அப்படித்தானே?"

என் பயிற்சிப் பள்ளியில் இதற்கு விடை சொல்லித் தரவில்லை. பெண்கள் பக்கம் விளக்கேற்றப் போனேன்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. மறுநாளே சேதி மண்டிக்குப் போய்விட்டது. கமிட்டித் தலைவர் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். இத்தனை வருடமாக அநாதைகள், நாதியற்றதுகள் என்று பலகையில் எழுதிவந்தவர், அன்றைக்குத்தான் அவர்களுக்கு உறவு இருப்பதைக் கண்டுபிடித்தார். "அண்ணன் தங்கச்சிக்குக் கல்யாணம்னா ஊர் ஒத்துக்குமா அய்யா? ஒரு முறை வேணாமா? இந்தப் பேஜாரு வந்தா பொண்ணுங்க பக்கத்தை இழுத்து மூட வேண்டியதுதான்" என்றார். ஊர்க்காரர்கள் சிலரும் கூட வந்து நின்றார்கள். எங்கள் பிள்ளைகளைத் தங்கள் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாதவர்கள். அவர்களுக்கும் எங்கள் முறை கெட்டுவிடக் கூடாதே என்று ஒரே கவலை. எனக்கு ஆத்திரத்தில் சிரிப்பு வந்தது.

அய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே இறங்கினார். இரண்டு நாள் முந்திரித் தோப்பில் நடந்துகொண்டே இருந்தார். சவரம் செய்துகொள்ளவில்லை. புதன்கிழமை காலை என்னையும் பச்சையம்மாளையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, உனக்குப் புள்ளை குட்டி இல்லை. ஒரு புள்ளையை சுவீகாரம் எடுத்துக்கிறியா? நான் தர்றேன்."

பச்சையம்மாள் கோலியனூர்க்காரி. சின்ன வயதில் தாலி அறுத்தவள். எதையும் விலை பேசாமல் வாங்காதவள். "யாரை?" என்றாள்.

"ஏழுமலையை."

"ஐய, அவன் வேணாண்ணே. சின்னப் புள்ளையிலேருந்து என் கூழுல உப்பு இல்லைன்னு சொல்லிக்கினு திரிஞ்சவன். நீங்க நம்ம கடைக்குட்டி சின்னத்தம்பியைக் குடுங்க, தங்கமா வளர்க்கிறேன்."

அய்யா பொறுமையாகச் சொன்னார்: "நல்லா யோசி. நீ எனக்குத் தங்கச்சி. ஏழுமலை உன் புள்ளை ஆயிட்டா, அஞ்சலைக்கு யாரு?"

அப்போதுதான் எனக்கே விளங்கியது. அத்தை மகன். அவன் அவளுக்கு முறை மாப்பிள்ளை. யார் வேண்டாம் என்றாலும் உரிமையோடு கேட்கலாம். எந்த ஊரும் வாய் திறக்க முடியாது. அய்யா தன் முறையை உடைக்கவில்லை. முறைப்படியே ஒரு வாசல் வைத்துவிட்டார். அதற்கு அவர் தன் மூத்த பிள்ளையைக் கொடுக்க வேண்டியிருந்தது.

பச்சையம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அஞ்சலை மருமவளா வர்றான்னா, அவனைச் சகிச்சிக்கலாம்" என்றாள்.

ஏழுமலைக்குச் சொல்லி அனுப்பினோம். கரும்பு தின்னக் கூலியா, துள்ளிக் குதித்து வருவான் என்று நினைத்தேன். வந்தவன் விஷயத்தைக் கேட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான். "எனக்குக் கல்யாணமே வேணாம்ப்பா. நான் உங்க புள்ளையாவே இருந்துட்டுப் போறேன்" என்றான். அய்யா, "அந்தப் பொண்ணுக்கு வேணுமே" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

வியாழக்கிழமை எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்தில் வரிசையாக நின்றோம். அய்யா, மீசை வைத்த அந்த ஆண்பிள்ளையின் கையைப் புதிதாக வந்த குழந்தையைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டார். முதலில் பச்சையம்மாள் முன் நிறுத்தினார். "எம் புள்ளையை உனக்குத் தந்தேன் தங்கச்சி" என்றார். பச்சையம்மாள் மஞ்சள் நீரைத் தொட்டு அவன் நெற்றியில் வைத்தாள்.

"சொல்லுடா" என்றார் அய்யா.

"அம்மா" என்றான் ஏழுமலை.

அந்தக் கூடத்தில் யாரும் யாரையும் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. பச்சையம்மாள் அதுவரை விறைப்பாகத்தான் நின்றாள். பிறகு அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே, "இனிமே உப்பு இல்லைன்னு சொல்லிப் பாரு" என்றாள்.

வரிசையில் ஒவ்வொருவருக்கும் முறை மாறியது. தம்பிகள் எல்லாம் மச்சான்கள். அத்தனை தங்கைகளும் ஒரே நொடியில் முறைப்பெண்களாகி, வாயைப் பொத்திக்கொண்டு ஒருத்தி பின்னால் ஒருத்தி ஒளிந்தார்கள். அஞ்சலை முன்னால் வந்தபோது இருவரும் தரையைப் பார்த்தார்கள். கடைசியில் அய்யாவே அவன் கையை விட்டுவிட்டு, வரிசையின் முடிவில் போய் நின்றுகொண்டார். ஏழுமலை அவர் எதிரில் நின்றான். தொட்டான். வாய் வரவில்லை.

"சொன்னாத்தான் பொண்ணு" என்றார் அய்யா.

"மாமா" என்றான்.

"வாங்க மாப்பிள்ளை" என்றார் அய்யா. மகனை நீ, வா, போ என்று பேசியவர் மாப்பிள்ளையை அப்படிப் பேசலாமா? அன்றிலிருந்து 'வாங்க, போங்க'தான்.

கண்டாச்சிபுரத்துக்காரரிடம் அய்யாவே நேரில் போய், அத்தை மகன் இருக்கும்போது வெளியில் கொடுத்தால் தங்கச்சி வருத்தப்படுவாள் என்று சொன்னார். "உரிமைக்காரங்க கேட்டா குடுத்துத்தானுங்க ஆவணும்" என்று அவர் காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினாராம். கல்யாணம் முந்திரித் தோப்பில் நடந்தது. கமிட்டித் தலைவர் குடும்பத்தோடு வந்து முதல் பந்தியில் உட்கார்ந்தார். "இப்போ பாருங்க, முறையான கல்யாணம்" என்று பக்கத்து இலைக்காரரிடம் சொல்லிக்கொண்டே பாயசத்தை இரண்டு தரம் வாங்கினார். ஒரு வாரத்துக்கு முன்பும் அதே பையன், அதே பெண்தான். ஆனால் ஊருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. பச்சையம்மாளை அஞ்சலை முன்பும் அத்தை என்றுதான் கூப்பிட்டாள், மாமியாரான பிறகும் அத்தைதான். இதில் லாபம் அடைந்தவள் அஞ்சலை ஒருத்தி.

நஷ்டம் ஏழுமலைக்கு. வரிசையில் ஒரு தரம் சொன்னதோடு சரி, 'மாமா' என்ற சொல் பிறகு அவன் வாயில் வரவேயில்லை. 'அப்பா' என்று கூப்பிட முறையில்லை. அதனால் ஒன்றுமே சொல்லிக் கூப்பிடாமல் காலம் தள்ளினான். வந்தால் தொண்டையைச் செருமுவான். அய்யா, "வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க" என்பார். இருவரும் மழை பெய்யுமா என்று பேசுவார்கள். கிணற்றடியில் தோளில் தூக்கிவைத்துக் குளிப்பாட்டிய பிள்ளை நாற்காலி நுனியில் விருந்தாளியாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குச் சகிக்காது. நான் எழுந்து பேன் பார்க்கப் போய்விடுவேன்.

சில வருடம் கழித்து, அறுபதுகள் முடிகிற சமயம், ஒரு மழைநாள் காலையில் அய்யா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். வைத்தியர் வருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. சேதி கேட்டு எங்கெங்கோ வேலையில் இருந்த பிள்ளைகள் எல்லாம் வந்து சேர்ந்தார்கள். பிரம்மச்சாரி வீட்டு வாசலில் அத்தனை பிள்ளைகள் மொட்டைபோட உட்கார்ந்ததை அந்த வட்டாரம் கண்டதில்லை. பாடையும் தயார். அப்போதுதான் கேள்வி வந்தது: கொள்ளிச்சட்டி தூக்குவது யார்?

மூத்த மகன் தூக்க வேண்டும். மூத்தவன் மகனாக இல்லையே. அடுத்தவன் யார் என்று பேச்சுத் தடித்தது. வயதில் பெரியவன் ஒருவன், ஏழுமலைக்கு அடுத்து வந்து சேர்ந்தவன் ஒருவன். ஒருவர் தோளில் ஒருவர் கை வைத்துத் தள்ளுகிற அளவுக்குப் போயிற்று. சொத்துக்குச் சண்டை போடுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கொள்ளி வைக்கச் சண்டை போட்டவர்களை அன்றுதான் பார்த்தேன். ஏழுமலை அந்தப் பக்கமே வரவில்லை. சம்பந்தி வீட்டார் நிற்கிற இடத்தில், கைகளைக் கட்டிக்கொண்டு, மாப்பிள்ளையாக நின்றான். முகத்தில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

பச்சையம்மாள் அய்யாவின் தலைமாட்டிலிருந்து எழுந்தாள். நேரே போய் ஏழுமலையின் கையைப் பிடித்து இழுத்துவந்து பாடையருகே நிறுத்தினாள்.

"எங்கண்ணன்கிட்டேருந்து வாங்கின புள்ளை" என்றாள். "பால் தெளிச்சு முடியிற வரைக்கும் திருப்பித் தர்றேன். அவன் தூக்கட்டும்."

எல்லோரும் அடங்கினார்கள். கமிட்டித் தலைவர்தான் மெதுவாகச் சொன்னார்: "நீ சொல்றது சரிம்மா. ஆனா, இவன் அய்யாவுக்குப் புள்ளைன்னா, அந்தப் பொண்ணு இன்னா ஆவா? இடுப்புல குழந்தையை வெச்சிக்கினு நிக்கிறாளே."

கூட்டம் அஞ்சலையைப் பார்த்தது. அவள் குழந்தையை என் கையில் கொடுத்தாள். புகைந்துகொண்டிருந்த கொள்ளிச்சட்டியின் பக்கம் போய் நின்று, கணவன் முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணா, சட்டியைத் தூக்கு" என்றாள். "அப்பாவுக்கு நேரமாவுது."

ஏழுமலை குனிந்து தூக்கினான். "அப்பா" என்று அவன் அலறியது தோப்பின் அந்தக் கோடிவரை கேட்டிருக்கும். எத்தனை வருடத்துச் சொல் அது. நான் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

மறுநாள் பால் தெளித்துவிட்டு மொட்டைத் தலையோடு வந்தவனைப் பச்சையம்மாள் வாசலிலேயே நிறுத்தி, மஞ்சள் நீரைத் தொட்டு நெற்றியில் வைத்து, தன் மகனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.